பதினோரு ஊர்களும் ரெய்னோ கங்காஸும்

வடகோடியில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத்தில் குளிர் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். ஒரு ஜனவரியில் என் நிழல் வாசற்படியில் ஒட்டிக்கொண்டது. நான் மட்டும் உள்ளே போய், காப்பி குடித்து, மிச்சமிருந்த வெந்நீரை ஊற்றித்தான் அதைப் பெயர்த்தெடுத்தேன். இன்றைக்கும் அதன் இடது காது கொஞ்சம் நசுங்கியிருக்கும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இனிமேல் சொல்லப்போவது அத்தனையும் நிஜம். இதுவும் பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று நானே பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ரெய்னோ கங்காஸ் முப்பத்தெட்டு வருஷம் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் சுக்கான் பிடித்தவன். எங்கள் துறைமுகத்தில் தாது ஏறும். பெரிய ஏரிகள் வழியாகப் போய் மில்வாக்கி, டெட்ராய்ட், கிளீவ்லாண்ட், ஈரி, பஃபலோ என்று எங்காவது இறங்கும். இறங்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். மற்ற மாலுமிகள் நேரே மதுக்கடைக்குப் போவார்கள். ரெய்னோ ஊருக்குள் போவான். ஒரு ரொட்டி வாங்கித் தின்பான். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எத்தனை நிமிஷத்தில் பஸ் வருகிறது என்று பார்ப்பான். பிறகு யாராவது ஒருவரைப் பிடித்துத் தபால் நிலையத்துக்கு வழி கேட்பான். தபால் நிலையம் எதிரிலேயே இருந்தாலும் கேட்பான்.

கப்பலுக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவான். ஊருக்கு ஒரு பக்கம். பனி, காற்று, ரொட்டி, படிக்கட்டு, பஸ், வழி கேட்டால் என்ன சொல்கிறார்கள் என்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். இப்படிப் பதினோரு ஊர்கள்.

எதற்கு? ஒரு நாள் இந்த டுலூத்தை விட்டுப் போவதற்கு. ரெய்னோவின் மனைவி லெம்பிக்கு நெஞ்சுச் சளி. எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. சாலையிலிருந்து அவர்கள் வாசலுக்கு நாற்பத்து மூன்று படி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவள் அந்தப் படிகளில் இறங்கியதை நான் பார்த்ததில்லை. கப்பல் வேலை முடிந்ததும் நல்ல ஊராகப் பார்த்துக் குடிபோகலாம் என்று கல்யாணமான வருஷமே அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

சொன்னபடி வேலை முடிந்தது. ஊர்தான் முடிவாகவில்லை.

அவர்கள் சமையலறையில் ஏலக்காய் ரொட்டியும் காப்பியுமாக நாங்கள் மூவரும் உட்கார்ந்தால் இதே பேச்சுத்தான்.

"கிளீவ்லாண்ட்ல ஒருத்தன்கிட்ட வழி கேட்டேன்," என்பான் ரெய்னோ. "தபாலாபீஸுக்கு வழி சொன்னான், அவன் தம்பிக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆன கதையும் சொன்னான். முக்கால் மணி நேரம். கப்பல் போயிடுமோன்னு ஆயிடுச்சு."

"அப்ப அங்கயே போலாமே. பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு," என்பாள் லெம்பி.

"காத்து மோசம். ரொட்டியும் ரப்பர்."

"மில்வாக்கி? என் அக்கா இருக்கா. இருபது வருஷமா கூப்பிடறா."

"மில்வாக்கி நல்ல ஊர்தான். வழி கேட்டா, 'தபாலாபீஸ் எங்க ஓடிடப் போவுது, வாய்யா பியர் குடிக்கலாம்'ங்கறான். ஆனா பஸ்ஸு..."

"உனக்குப் பஸ்ஸு, எனக்கு மூச்சு," என்பாள் லெம்பி. என் பக்கம் திரும்பி, "ஹெல்மி, இவன நரகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லு. அங்க பனியே இல்லையாம், படியும் இறங்கு படிதானாம்," என்று சிரிப்பாள். சிரிப்பு இருமலாகும். இருமல் அடங்கும்வரை ரெய்னோ நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மினியாபொலிஸ் பக்கத்து ஊர்தான். அங்கே கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள். கோட்டே போடாமல் ஊர் முழுக்கச் சுற்றலாம். ரெய்னோ அதற்கு எழுதியது: "ஊறுகாய் பாட்டிலுக்குள் வாழலாம், ஆனால் மூடி யார் கையில்?" டெட்ராய்ட்டில் வழி கேட்டபோது ஒரு பெண்மணி காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டாள், முழு மதிப்பெண். ஆனால் அந்தத் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் விளக்கெரிந்தது, அதற்குப் பூஜ்யம்.

பஃபலோவில் ஒருவன் தன் கார் மேல் கிடந்த பனியில் விரலால் படம் வரைந்து வழி சொன்னானாம். வரைந்து முடித்து, "நல்லாப் பாத்துக்க. இன்னொரு தடவ வரைய மாட்டேன்," என்றானாம். ரெய்னோவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நேரடியான மனுஷர்கள்" என்று எழுதி ஐந்துக்கு ஐந்து போட்டான்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் லெம்பி ஒரு தடவை கேட்பாள்: "முடிவு பண்ணியாச்சா?"

"இன்னும் ரெண்டு ஊர் சரியாப் பாக்கல, லெம்பி."

அவள் ஒரு பிப்ரவரியில் போனாள். எங்கள் ஊரில் பிப்ரவரியில் செத்தால் மண்கூட உடனே ஏற்றுக்கொள்ளாது. ஐந்தடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கும். சவ அறையில் வைத்து, மே மாதம் மண் இளகிய பிறகுதான் புதைப்போம். அந்த மூன்று மாதமும் ரெய்னோ நோட்டைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்று திறந்து, எல்லாப் பக்கத்திலும் புதிதாக ஒரு கட்டம் போட்டான். மண். பஃபலோவில் மண்ணின் மேல் பனி மெத்தை மாதிரி விழுந்து கிடப்பதால் குளிர்காலத்திலும் தோண்டிவிடலாம் என்று யாரிடமோ கேட்டு எழுதிக்கொண்டான். நாலு மதிப்பெண்.

பஃபலோவில் அவனுக்கு ஒரே மகள் இருந்தாள், மார்லிஸ். பதினெட்டு வயதில் படிக்கப் போனவள், அங்கேயே வின்ஸ் என்ற இத்தாலியக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வின்ஸ் குழாய் வேலை செய்பவன். தோளகலமும் குரலுமாகப் பெரிய ஆள். அவன் கிசுகிசுத்தாலே எங்கள் வீட்டுப் பீங்கான் ஆடும் என்று நான் சொல்வேன். ஒரு தட்டு விழுந்து உடைந்ததும் உண்டு. மாமனாரை அவனும் "அப்பா" என்றுதான் கூப்பிடுவான். லெம்பி போனதிலிருந்து மார்லிஸுக்கும் அப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிப் பேச்சு மட்டும்தான். அம்மாவை மில்வாக்கிக்காவது கூட்டிப்போயிருக்கலாம் என்ற வருத்தம் அவளுக்குள் இருந்தது. அவள் சொன்னதில்லை. அவன் கேட்டதில்லை.

எழுபத்தொன்பதாவது வயதில், ஒரு மார்ச் மாதம், ரெய்னோ முப்பதாம் படியில் வழுக்கி விழுந்தான். நான் பார்ப்பதற்குள் ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறான்.

"கத்தியிருக்கலாமில்ல?" என்றேன்.

"நீ தூங்கிட்டிருப்ப, எதுக்குத் தொந்தரவுன்னுதான்."

"மத்தியானம் மூணு மணிக்கா?"

"உனக்கு வயசாயிடுச்சே, ஹெல்மி."

இடுப்பு எலும்பு ஒருவழியாகக் கூடியது. கூடியது என்றால், ஊன்றுகோலோடு. செய்தி மார்லிஸுக்குப் போயிற்று. வருத்தத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அவள் தன் வீட்டுக் கீழறையைக் காலிசெய்தாள். படியே இல்லாத அறை. அக்டோபர் கடைசியில், பனி விழுமுன், பின்னால் ஒரு சாமான் வண்டியை மாட்டிக்கொண்டு வின்ஸ் வருவான், அப்பாவை அழைத்துப்போவான் என்பது ஏற்பாடு. பள்ளிக்கூடம் நடப்பதால் அவள் வர முடியவில்லை. அப்பாவிடம் தொலைபேசியில் விஷயத்தை உடைக்கவும் இல்லை. "வின்ஸ் வர்றாருப்பா, ரெண்டு நாள் இருப்பாரு, உங்ககிட்ட ஒண்ணு பேசணுமாம்," என்று மட்டும் சொன்னாள். சாமான் வண்டியோடு வருகிறார் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் ரெய்னோவிடம் சொல்லிவிட்டேன். என் வாயில் எது தங்கியிருக்கிறது?

அன்று மாலை அவன் என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினான். எல்லாப் பக்கத்துக்கும் கூட்டல் போட்டிருந்தான்.

"பஃபலோதான், ஹெல்மி. ரெண்டு மார்க் வித்தியாசத்துல டெட்ராய்ட்ட ஜெயிச்சிடுச்சு."

"மக அங்க இருக்கறதுக்கு எத்தன மார்க் போட்ட?"

"அதுக்குக் கட்டம் இல்ல," என்றான். ஆனால் முகம் சிவந்துவிட்டது.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் மேல்கோட்டைப் போர்த்தி என்னவோ நின்றது. தூக்கிப் பார்த்தேன். பெட்டி. கட்டித் தயாராக.

"அட கூறு கெட்டவனே, பெட்டிய எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்க? நடுக்கூடத்துல வையி. வந்ததும் பாக்கட்டும்."

"கூப்பிடறதுக்கு முன்னாடியே பெட்டி கட்டி வெச்சா எப்படி? பந்தி போடறதுக்கு முன்னாடி தட்டத் தூக்கிட்டு வாசல்ல நிக்கறவன் மாதிரி இருக்காதா?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஏனென்றால் நானும் இந்த ஊர்க்காரிதான். எங்கள் ஊரில் எதையும் முதல் தடவை கேட்டவுடன் வாங்கிக்கொள்ள மாட்டோம். காப்பி வேணுமா என்றால் வேண்டாம். நிஜமாவா என்றால் பரவாயில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம். மூன்றாவது தடவை கேட்டால், சரி, போட்டதே இருந்தால் அரைக் கோப்பை. கேட்பவருக்கும் அது தெரியும். ஒரு தடவை எட்டாவது தெருவில் ஒருவர் வீடு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஐயையோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றார். மூன்றாவது தடவை கேட்டு அவர் சரி என்று சொல்வதற்குள் மிஞ்சியது தபால் பெட்டிதான். இதை நான் இட்டுக்கட்டினேன் என்பார்கள். தபால் பெட்டியை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

வின்ஸ் வெள்ளிக்கிழமை வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல், காப்பிக் கோப்பையோடு நேரே விஷயத்துக்கு வந்தான். நானும் இருந்தேன்.

"அப்பா, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. எங்ககூட வந்துடுங்க. கீழ் ரூம் ரெடி. படியே இல்ல. மார்லிஸ் ஜன்னலுக்குத் திரைகூடத் தச்சுட்டா."

ரெய்னோ ரொட்டியைப் பிய்த்தான். "அதெல்லாம் எதுக்கு. உங்களுக்குச் சிரமம்."

நான் காப்பிக்குள் சிரித்துக்கொண்டேன். ஒன்று.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு நான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பெரிய பாத்திரத்தைக் கொண்டுபோனேன். வின்ஸ் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான், முதல் கேள்விக்கே. சாப்பிட்டு முடித்து முட்டியில் கையூன்றிக்கொண்டு சொன்னான்: "அப்பா, யோசிச்சீங்களா? நாளைக்குக் காலைல கிளம்பறேன். நிஜமாத்தான் கூப்பிடறேன். வாங்க."

"நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். குறையில்ல," என்றான் ரெய்னோ. சொல்லும்போதே அவன் பார்வை கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

இரண்டு. நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் வழியனுப்புவதற்கு என்று ஒரு ரொட்டிகூடச் சுட்டேன்.

ரொட்டி ஆறுவதற்குள் கீழே சாலையில் சத்தம் கேட்டது. காலிச் சாமான் வண்டி குலுங்கினால் ஒரு சத்தம் வரும். நிறைந்த வண்டி அப்படிக் குலுங்காது. ஜன்னலைத் திறந்தேன். வின்ஸின் கார் வளைவில் திரும்பி மறைந்தது. நாற்பத்து மூன்றாம் படியில் ரெய்னோ நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் டை, சவரம் செய்த முகம், பாலிஷ் போட்ட பூட்ஸ். கையை ஆட்டிக்கொண்டே இருந்தான், கார் போன பிறகும்.

ஓடினேன். "என்னடா ஆச்சு?"

"காலைல கையக் குடுத்தான். 'அப்பா, உங்க முடிவ மதிக்கறேன். ரெண்டு தடவ கேட்டுட்டேன், அதுக்கு மேல கேட்டா உங்கள அவமானப்படுத்தற மாதிரி'ன்னான். கட்டிப் பிடிச்சுக்கிட்டான். போயிட்டான்."

"நீ வாயத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல!"

"என்னன்னு சொல்றது? நான் வரேன்னா? கூப்பிடாதவங்க வீட்டுக்கா?"

"கூப்பிட்டானேடா!"

"ரெண்டு தடவ," என்றான் ரெய்னோ.

நான் தொலைபேசியை எடுத்தேன். அவன் ரிசீவர் வைக்கும் கொக்கியை ஊன்றுகோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "ஹெல்மி, நீ சொல்லி அவ கேட்டா, அது கேட்டதாகாது. நீ வாங்கிக் குடுத்ததாகும். எனக்குச் சத்தியம் பண்ணு."

ஊரில் எனக்குப் பொய்க்காரி என்று பெயர். சத்தியத்தை மீறுவது எனக்கு மீன் குழம்பு சாப்பிடுகிற மாதிரி. வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே சத்தியம் அதுதான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் ஒன்பது மணிக்கே தொலைபேசி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். பத்துக்கு மார்லிஸ் கூப்பிடுவாள். பனி எப்படி, இடுப்பு எப்படி. குறையில்ல, குறையில்ல. அவள் மனசில், அம்மாவுக்கு அசையாத அப்பா எனக்கா அசையப்போகிறார் என்று இருந்திருக்கிறது. கேட்டு இன்னொரு "வேண்டாம்" வாங்க அவளுக்குத் தெம்பில்லை. பேச்சு முடிந்ததும் ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பான். பெட்டி கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினான். வின்ஸின் அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லையாம், கீழறையில் குடிவந்துவிட்டாளாம். திரைச்சீலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

"நல்லதுதான். பாவம், அந்தம்மாவுக்கு முழங்கால் ரொம்ப மோசம்," என்றான். அட்டையை மடித்து உறைக்குள் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான். நான் ஏதாவது கதை சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஜனவரியில் மறுபடி விழுந்தான். இந்தத் தடவை படியில்கூட இல்லை, சமையலறையில். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு விடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஜன்னலில் ஏரி தெரியாது. கார்கள் நிற்கும் பெரிய தளம் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் சுக்கான் பிடித்தவன், எந்தக் கார் எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று கணித்துக்கொண்டிருந்தான். நோட்டைக் கொண்டுவரச் சொன்னான். கொண்டுபோனேன். மெதுவாகப் புரட்டினான்.

"எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான் போட்டேன், ஹெல்மி. ரொட்டிய மோந்துகூடப் பாத்தேன். எந்த ஊர்ல எத்தன தடவ கேப்பாங்கன்னு ஒரு கட்டம் போட்டிருக்கணும்."

பென்சில் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றான். மறுபடி நீட்டினேன். வேண்டாம் என்றான். மூன்றாவது தடவையும் நீட்டினேன். அப்போதும் வேண்டாம் என்றான். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் போய்விட்டான், லெம்பி போன அதே வாரம். மே வரைக்கும் மண் காத்திருக்கவைத்தது. அவன் எங்கேயும் காத்திருந்தே பழகியவன்.

அடக்கத்துக்கு மார்லிஸும் வின்ஸும் வந்தார்கள். முடிந்து வீட்டைக் காலிசெய்யும்போது மார்லிஸ் சமையலறைக் கதவைச் சாத்தினாள். மேல்கோட்டு வழுக்கி விழுந்தது. பெட்டியைத் திறந்தாள். ஆறு சட்டை, லெம்பியின் படம், வின்ஸுக்கு வாங்கி விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத கையுறை, பஃபலோ பஸ் அட்டவணை. மார்லிஸ் வீட்டுத் தெருவிலிருந்து நூலகத்துக்குப் போகும் பஸ்ஸைச் சுற்றிப் பென்சில் வட்டம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது எப்ப கட்டினது?"

"வின்ஸ் வந்தாரே, அதுக்கு முந்தின நாள்."

அவள் கண்ணில் எங்கள் ஊர் திரும்பி வருவதை நான் பார்த்தேன். இந்த வீட்டில் வளர்ந்த பெண் அல்லவா. தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "வின்ஸ், அப்பாவ எத்தன தடவ கூப்பிட்டீங்க?"

"ரெண்டு தடவ. ரெண்டு தடவயும் வேண்டாம்னாரு. நான் சொன்னேனே."

மார்லிஸ் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். எத்தனையாவது படி என்று நான் எண்ணவில்லை.

வின்ஸ் ஒன்றும் புரியாமல் சமையலறை நடுவில் நின்றான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவன்.

"காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா."

"சூடா இருக்கு. கொஞ்சம் குடிங்க."

"இல்ல, பரவால்ல."

கோப்பையில் ஊற்றி அவன் முன்னால் நீட்டினேன். "வின்ஸ், குடிங்க."

வாங்கிக்கொண்டான். வாய் வரைக்கும் கொண்டுபோனவன் அங்கேயே நிறுத்தினான். கோப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். காப்பி ஆறி ஆடை படியும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.